முதலாளிக்கு நான் எழுதிய நாலு கட்டம்

மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை எனக்குப் பிடிக்காது. திருவிழாவில் பக்கத்தில் நின்று விபூதி வாங்கிக்கொள்வார்கள், உள்ளுக்குள் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. எங்கள் ஜங்ஷன் கடை முதலாளியை நான் மன்னிக்கவில்லை. அவருக்குச் செய்ததை நினைத்து வருத்தப்படவும் இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பதினொரு வருஷம் கொழுந்து பறித்தவள். பலாங்கொடைக்கு மேலே, பஸ் இறங்கிய பிறகும் முக்கால் மணி நேரம் ஏறிப்போகிற தோட்டம். ஒரு மழைநாளில் கூடையோடு சறுக்கிக் கானுக்குள் விழுந்தேன். அந்த வாய்க்காலிலிருந்து என்னை நாலு பேர் தூக்கினார்கள். இடுப்பு அதோடு போயிற்று. இனிமேல் முதுகில் பாரம் தூக்கினால் படுக்கையில்தான் கிடப்பாய் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். தோட்ட ஒபிஸில் செக்ரோலிலிருந்து, அதாவது வேலையாட்களின் பதிவிலிருந்து, என் பெயரை வெட்டினார்கள். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார். அவர் அனுப்புவது அரிசிக்கும் கரண்டுக்கும் சரியாக இருக்கும். அதற்கு மேலே எல்லாம் என் தையல் மிஷின்தான்.

நான் தைத்தது படங்கு. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுற்றிக் கட்டிக்கொள்கிற தடித்த விரிப்புக்குத்தான் அந்தப் பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் தேயிலை மலை பச்சைப் பாய் விரித்தது மாதிரி இருக்கும், படம் எடுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே இறங்கினால் தெரியும், ஒவ்வொரு கிளையும் தொடையைக் கீறும், பனித்தண்ணீர் பாவாடையை நனைக்கும், அட்டை ஏறும். அதற்காக எங்கள் பெண்கள் உரச் சாக்கையும் அரிசிச் சாக்கையும் வெட்டிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு வயிற்றை அறுத்து, குளிக்கும்போது கோடு கோடாக எரியும். நான் டென்ட் துணியில் படங்கு தைத்தேன். இடுப்புப் பட்டியை நாலு விரல் அகலத்துக்கு வைத்தேன், வலி இருக்கிற இடுப்புக்குத்தான் அதன் அருமை தெரியும். கீழ் ஓரத்தைச் சாய்வாக மடித்துத் தைத்தேன், தண்ணீர் காலில் வழியாமல் பின்பக்கம் சொட்டிவிடும். வெற்றிலைக்கு ஒரு சின்னப் பை. சம்பளத்தன்று பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற மைதானத்தில், கொண்டுபோய் வைத்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மூன்று டிவிஷனிலும் என் படங்குதான் ஓடிற்று. நான் யாரிடமும் போய்க் கையேந்தவில்லை.

அந்த நேரத்தில்தான் டவுனில் ஒரு மண்டபத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று சொன்னார்கள். இரத்தினபுரியிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார், நல்ல மாதிரியான ஆள். இரண்டாம் நாள் வெள்ளைப் பலகையில் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் இழுத்து நாலு கட்டம் போட்டார். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். இதற்கு ஸ்வொட் என்று பெயர் என்றார். எங்கள் யாருக்கும் அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. நாலு கட்டம் என்றே சொன்னோம்.

"பலமும் பலவீனமும் உங்களுக்கு உள்ளே இருக்கிறது. வாய்ப்பும் அச்சுறுத்தலும் வெளியே இருந்து வருவது. பொய் எழுதாதீங்க. இதுல பொய் எழுதினா பிசினஸும் பொய்யாப் போயிரும்" என்றார் மிஸ்.

எல்லோருக்கும் ஒரு பெரிய தாளும் கலர் பேனையும் கொடுத்தார்கள். கோழி வளர்க்கிற ஒரு அக்கா அச்சுறுத்தல் கட்டத்தில் 'கீரி, கொழுந்தனார்' என்று எழுதினாள். கீரியை விடக் கொழுந்தனார்தான் அதிகம் பிடித்துக்கொண்டு போகிறாராம். மண்டபமே சிரித்தது.

என் பக்கத்து நாற்காலியில் ஜங்ஷன் கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்தவர். ஆனால் சின்ன வயதிலேயே மாமா ஒருவர் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பிறகு ஜங்ஷனில் கடை போட்டார், வேன் வாங்கினார், வீடு கட்டினார். சிங்களம் மழை மாதிரிக் கொட்டும். தோட்டத்து ஆட்கள் கடைக்குப் போனால், "தோட்டத்துக்காரனுக்கு எழுத்து வாசனை கெடையாது, அதான் முன்னுக்கு வர மாட்டேங்கிறான்" என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு பிரசங்கம் செய்வார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும் அதையே சிங்களத்தில் நங்கி என்பார்.

அன்றைக்கு மிஸ் ஒரு தமிழ்த் தாளைக் கொடுத்து முதல் வரியை வாசியுங்கள் என்று அவரிடம் சொன்னார். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கண்ணாடி அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் குனிந்தார்.

"நங்கி, எனக்குக் கை நோவுது. ஒன் எழுத்து ஷோக்கா இருக்கு. என் சார்ட்டயும் நீயே எழுதிரு."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எழுத்து வாசனையைப் பற்றி ஊருக்கே உபதேசம் செய்கிறவருக்குத் தமிழ் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. பாவமாக இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன், எனக்கு அவர் மேல் இரக்கம்தான் வந்தது. யாருக்கும் தெரியாமல் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். பலவீனத்தில் என்ன எழுத என்று கேட்டதற்கு, "எனக்கு என்ன பலவீனம்? ஒண்ணுமில்லன்னு போடு" என்றார். போட்டேன். அந்த இரக்கத்தை நினைக்கும்போதுதான் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கட்டத்தைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. நான் மிஸ் சொன்னதை நம்பியவள், பொய் எழுதவில்லை. எழுதியதை ஒளிக்கவும் இல்லை. அச்சுறுத்தல் கட்டத்தைக் கணீரென்று வாசித்தேன்.

"இந்தத் தடிச்ச டென்ட் துணி டவுன்ல ஒரே ஒரு கடையிலதான் இருக்குது. ரோலா வாங்க எனக்கு வசதியில்லீங்க, தேவைக்கு மீட்டர் கணக்கில வெட்டி வாங்குறேன். யாராச்சும் ரோலோட வாங்கிட்டா என் மிஷின் நின்னு போயிரும்."

"சபாஷ், இப்படித்தான் எழுதணும்" என்றார் மிஸ். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில்தான் சத்தம் அதிகமாகக் கேட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். படித்து என்ன, சபையில் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். பலவீனத்தைக் கண்டுபிடி என்று அந்த மிஸ் சொல்லித் தந்தார். கண்டுபிடித்ததை யார் காதில் போடக்கூடாது என்பதை அவர் சொல்லித் தரவில்லை. அதை நான் சொந்தச் செலவில் படித்தேன்.

மூன்று வாரம் கழித்துத் துணி வாங்க டவுனுக்குப் போனேன். துணிக்கடைக்கார முஸ்லிம் பெரியவரை நாங்கள் நானா என்போம், அவர் என்னைக் கண்டதும் கையை விரித்தார்.

"ரோல் எல்லாம் முடிஞ்சி மகள். ஒங்கட ஜங்ஷன் மொதலாளி வேன் கொண்டுவந்து ஏத்திக்கிட்டுப் போனாரு. நீங்க சேந்து செய்றீங்கன்னுதான் நான் நெனச்சேன்."

"அடுத்த ஸ்டொக் எப்ப வரும் நானா?"

"கொழும்புலயிருந்து வரணும். அதுக்கும் அவரு சொல்லி வச்சிட்டாரு."

பஸ்ஸில் ஏறி ஜங்ஷனில் இறங்கினேன். கடை வாசலில் கயிறு கட்டி, படங்கு வரிசையாகத் தொங்கிற்று. என் வெட்டு. என் நாலு விரல் பட்டி. வெற்றிலைப் பைகூட அதே இடத்தில். உள்ளே இரண்டு புது மிஷினில் இரண்டு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"என்னண்ணே இது?" என்றேன்.

"யாவாரம் தங்கச்சி. நான் என்ன, திருடினேனா? நீதானே எல்லாருக்கும் முன்னுக்குச் சொன்ன. காது இருந்திச்சி, கேட்டேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டுக்கு ஏறிப்போகிற அந்த முக்கால் மணி நேரமும் அவர் கடை எரிவதாகவும், வேன் பள்ளத்தில் உருளுவதாகவும், அவர் என் வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பதாகவும் நினைத்துக்கொண்டே நடந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "விடு, பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றாள். பொறுத்தவர்கள்தானே அக்கா நாலு தலைமுறையாக லயத்தில் இருக்கிறோம், பூமியை யாரோ கம்பெனிக்காரன்தானே ஆளுகிறான் என்றேன்.

கையில் இருந்த துணி தீர்ந்தது. சட்டைக்குக் கை வைத்தேன், பாவாடைக்கு நாடா போட்டேன், பிள்ளைகளின் யூனிபோர்மைப் பிரித்துத் தைத்தேன். அதெல்லாம் போதவில்லை. கடைசியில் ஒரு நாள் கைக்காசுக்குப் பறிக்கப் போனேன், பெயர் பதியாமல் அன்றன்றைக்குப் பறித்த கொழுந்துக்குக் காசு வாங்குகிற வேலை. பத்து மணிக்கு முதல் தடவை கொழுந்து நிறுக்கும்வரை தாக்குப் பிடித்தேன். பிறகு என்னால் நிமிர முடியவில்லை. அதே அக்காதான் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலு நாள் தரையில் பாயைப் போட்டு மல்லாக்கக் கிடந்தேன். கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த மனுஷனுக்கு நாலு கட்டம் போட்டேன். அவருடைய பலம் எல்லாம் எனக்குத் தெரியும். துணி, வேன், பணம், சிங்களம். பலவீனம் என்ன? ஒண்ணுமில்லன்னு போடு என்றாரே, அதையும் நான் தெரிந்துதான் வைத்திருந்தேன். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படி உபயோகிப்பது என்றுதான் விளங்கவில்லை.

சும்மா போய் ஊரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். இரண்டு நாள் சிரித்துவிட்டு மூன்றாம் நாள் அவர் கடையில்தான் படங்கு வாங்குவார்கள். எனக்கு அது போதாது. எனக்கு அவருடைய வியாபாரம் விழ வேண்டும், அதுவும் அவர் கையாலேயே விழ வேண்டும்.

மழைக்கு முன்னால் அந்தச் செய்தி வந்தது. தோட்டத்தில் பறிக்கிற எல்லாப் பெண்களுக்கும் நிர்வாகமே படங்கு கொடுக்கப் போகிறதாம். முந்திய வருஷம் ஒபிஸில் தாங்களாகவே ஆண்களின் அளவுக்கு பூட்ஸ் வாங்கி, அது யார் காலுக்கும் சேராமல், எல்லா வீட்டிலும் புதினாச் செடி நடத்தான் உதவியது. அதனால் இந்த முறை மாதர் சங்கத்துப் பெண்களே பார்த்துத் தெரிவு செய்யட்டும் என்று தோட்ட மேனேஜர் பெரிய துரை சொல்லிவிட்டாராம். தொழிலாளர் நலன் பார்க்கிற ஒபிஸர் நலன்புரி ஐயா சிங்களவர், எங்களுக்குப் பயிற்சி தந்த மிஸ்ஸிடமே அவரும் எங்கேயோ படித்திருக்கிறார் போலிருக்கிறது. படங்கு தைத்துக் கொடுக்க விரும்புகிறவர்கள் ஒரு சாம்பிளும் ஒரு ஸ்வொட் சார்ட்டும் கொண்டுவர வேண்டும், பெண்கள் வாசித்துப் பார்க்க வேண்டும், ஆகையால் தமிழில் இருக்க வேண்டும் என்று நோட்டீஸ் போட்டார்.

எனக்கு அந்த ஓடர் கிடைத்தால் மழைக்காலம் முழுக்க மிஷின் ஓடும், மறுபடி மலைக்கு ஏற வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் கைக்காசுதான், இடுப்பு உடைகிறவரை. என்னிடம் ஒரே ஒரு சாம்பிளுக்குப் போதுமான துண்டு இருந்தது. ரோல் எல்லாம் அவரிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பெட்டியும் சுருட்டின பெரிய தாளும் இருந்தன.

"நங்கி" என்றார். எனக்கு உடனே விளங்கிற்று.

"நீ இந்தப் போட்டிக்கெல்லாம் வராத. ஒனக்கு ஒடம்பு சரியில்ல. ஓடர நான் எடுக்கிறேன், நீ என் கடையில வந்து ஒக்காந்து தை. பீஸுக்கு இவ்வளவுன்னு தாரேன். ஒன்னப் பாக்க மனசு கேக்கல்ல."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நான் உட்காரச் சொன்னேன், பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன்.

"கடைக்கு வாறதப் பத்திப் பொறகு பாப்போம்ணே. கையில என்ன?"

"அந்த நாலு கட்டம். தமிழ்ல வேணுமாம். ஒனக்குத்தான் ஷோக்கா எழுத வரும். கடையில எனக்கு நேரமும் இல்ல."

வேறு யாரிடமும் அவர் போக முடியாது. போனால் ஏன் தானே எழுதவில்லை என்று கேட்பார்கள். நான் ஏற்கனவே தெரிந்தவள், அதோடு விழுந்து கிடப்பவள். விழுந்து கிடப்பவளுக்குப் பயப்பட என்ன இருக்கிறது? தாளைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தேன்.

மிஸ் கேட்ட மாதிரியே ஒவ்வொன்றாகக் கேட்டேன். பலத்துக்கு அவருக்கு யோசிக்கவே தேவை இருக்கவில்லை. "சல்லி இருக்கு. வேன் இருக்கு. ஒபிஸ்ல போய்ச் சிங்களத்துல பேசுவேன்." எழுதிக்கொண்டேன்.

"பலவீனம்?"

"ஒண்ணுமில்ல."

"அப்பிடிப் போட்டா அந்த ஐயா நம்ப மாட்டாருண்ணே. மிஸ் சொன்னாங்கதானே, குறையத் தெரிஞ்சாத்தான் யாவாரம் வளரும்னு. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் ஒங்க கடையில வந்து தைக்கப் போறவதானே."

அவருக்கு அந்தக் கடைசி வார்த்தை தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"ஒங்கிட்டச் சொல்றதுக்கு என்ன. அந்த டென்ட் துணிய நான் படங்குக்குப் போட மாட்டேன், லொறிக்காரனுக்கு மூடுறதுக்கு வித்தா டபுள். சாம்பிள் மட்டும் நல்ல துணியில தைப்போம். பொறகு குடுக்கிறதெல்லாம் மெல்லிசுத் துணி. மொத மழைக்குத் தாங்கும், ரெண்டாவது மழைக்குத் தாங்காது."

"வாய்ப்பு என்னண்ணே?"

"அதான் வாய்ப்பு. கிழிஞ்சா எங்க போவாளுக? எங்கிட்டத்தான் வரணும்."

"அச்சுறுத்தல்?"

"அப்பிடி ஒண்ணு இல்ல நங்கி. தோட்டத்துப் பொம்பளைகளுக்கு என்ன தெரியும்? குடுத்தத கட்டிக்கிட்டுப் போவாளுக." டம்ளரைக் கீழே வைத்தார். "நீ பாத்து நல்ல விதமா எழுதிரு."

நல்ல விதமாக எழுதச் சொன்னார் என்பதை நான் மறைக்கவில்லை. அழகாகவே எழுதினேன். தூரத்திலிருந்து வாசிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து, கட்டத்துக்கு ஒரு நிறம். ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்ததை அந்தந்தக் கட்டத்தில் அப்படியே போட்டேன்.

எழுதி முடித்துத் தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தாளை எட்டப் பிடித்தார். கண் இடமிருந்து வலம் போயிற்று, அடுத்த வரிக்கு இறங்கிற்று, நடு நடுவே தலையாட்டினார். அவ்வளவு நேர்த்தியாக வாசிக்கத் தெரியாதவர் வாசித்ததை நான் பார்த்ததே இல்லை. "ஷோக்" என்றார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அப்புறம் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு யாராவது பார்த்துவிட்டால் போச்சு. ஆனால் அவர் யாருக்கும் காட்ட மாட்டார் என்றும் தெரியும். காட்டினால் அவர்கள் ஏதாவது கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நான் என் துண்டுத் துணியில் ஒரு படங்கு தைத்தேன். என் தாளில் எனக்கும் நாலு கட்டம் போட்டேன், பலவீனத்தில் 'கையில் துணி இல்லை' என்று எழுதினேன்.

மாலைக் கொழுந்தை எடை போட்ட பிறகு பெண்கள் கூடையோடு பெரட்டுக்களத்தில் கூடினார்கள். கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தின் சுவரில் என் தாளை ஒட்டினேன். முதலாளி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, தானே பசை நாடா வெட்டி, மூலை மடங்காமல் தன் தாளை ஒட்டினார். என்னைப் பார்த்துவிட்டு, நீயும் வந்தாயா என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நான் கடைக்கு வரப்போவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அதற்காக அவர் கலங்கவில்லை. துணி அவரிடம்தானே இருக்கிறது.

மாதர் சங்கத் தலைவி எங்கள் மேல் லயத்துக்காரி, கோயிலில் மைக் இல்லாமலே அறிவிப்புச் செய்கிற குரல். பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் தாளைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். பலம் முடிந்தது. முதலாளி நலன்புரி ஐயாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பலவீனம். சாம்பிள் மட்டும் நல்ல துணியில் தைப்போம். பிறகு கொடுப்பதெல்லாம் மெல்லிசுத் துணி. முதல் மழைக்குத் தாங்கும், இரண்டாவது மழைக்குத் தாங்காது."

அவள் நிறுத்தினாள். தாளை ஒரு தடவை பார்த்தாள், முதலாளியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இன்னும் சத்தமாக வாசித்தாள்.

"வாய்ப்பு. கிழிந்தால் எங்கே போவார்கள்? என்னிடம்தான் வர வேண்டும். அச்சுறுத்தல். ஒன்றுமில்லை. தோட்டத்துப் பெண்களுக்கு என்ன தெரியும்? கொடுத்ததைக் கட்டிக்கொண்டு போவார்கள்."

முதலாளியின் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்காகத்தானே வந்தேன். சிரிப்பு முதலில் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது வடிந்தது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"மேகே மொகத லியலா தியென்னே?" என்று கேட்டார் நலன்புரி ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று. யாரோ ஒரு பெண் சிங்களத்தில் சொன்னாள். ஐயாவின் முகம் மாறிற்று. இதை நீங்கள்தான் எழுதினீர்களா என்று முதலாளியிடம் கேட்டார்.

இந்த இடத்துக்காகத்தான் நான் மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தேன். இல்லை என்று அவர் சொல்லலாம். அவள்தான் எழுதினாள் என்று என்னைக் காட்டலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் வாசிக்காமலா உங்கள் கையாலேயே கொண்டுவந்து ஒட்டினீர்கள்? அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. எழுத்து வாசனை இல்லாதவர்கள் என்று இத்தனை வருஷமாக எங்களைத் திட்டியவர், அந்தப் பதிலை எங்கள் நடுவில் நின்று சொல்ல வேண்டும். அவர் வாய் திறந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். தாளை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா, நான்தான் எழுதினேன்" என்றார். "யாவாரம்னா அப்பிடித்தான். நான் ஒளிச்சு மறைக்கல்லியே."

திருடன் என்கிற பேர் பரவாயில்லை, தற்குறி என்கிற பேர் வேண்டாம். அப்படித்தான் அவர் தெரிந்தெடுத்தார். பெரட்டுக்களம் பொங்கிற்று. கூடைகள் கீழே விழுந்தன. ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். பக்கத்து வீட்டு அக்கா, பொறுத்தார் பூமி ஆள்வார் என்றாளே, அவள்தான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"எங்களுக்கு என்ன தெரியும்னா கேட்டீங்க மொதலாளி? வாசிக்கத் தெரியுங்க!"

அவள் ஒன்றும் தெரியாமல்தான் சொன்னாள். ஆனால் அவர் முகம் போன போக்கை நான் ஒருத்திதான் விளங்கிக்கொண்டேன். என் நெஞ்சு குளிர்ந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோதுகூட அப்படிக் குளிர்ந்ததில்லை.

ஓடர் எனக்கு வந்தது. துணி இல்லையே என்ன செய்வாய் என்று நலன்புரி ஐயா கேட்டார். ஒரு மாதம் கொடுங்கள், வரும் என்றேன். தோட்டத்தில் ஒருவரும் அவர் கடையில் படங்கு வாங்கவில்லை. லொறிக்காரர்களுக்கும் விஷயம் போய்விட்டது, இவர் கொடுக்கிற துணியை நம்பி ஏலத்துக்கு அனுப்புகிற தேயிலையை மூட முடியுமா என்று கேட்டார்களாம். துணிக்கடை நானா விற்ற ரோலைத் திருப்பி எடுக்க மாட்டார். மழை தொடங்கினால் ரோல் பூஞ்சணம் பிடிக்கும். நான் ஜங்ஷன் பக்கமே போகவில்லை. பத்து நாள் போயிற்று, பதினைந்து நாள் போயிற்று. அவர் பிடிவாதமாக இருந்திருந்தால் என் ஓடர் கை நழுவியிருக்கும், அந்தப் பயம் எனக்கு இருந்தது. பயத்தோடே உட்கார்ந்திருந்தேன்.

பதினெட்டாம் நாள் வேன் ஏறி வந்தது. வேன் ஓட்டுகிறவர் ரோலை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து என் வீட்டுக்குள் இறக்கினார். முதலாளி வாசலில் நின்றார். உட்காரச் சொல்லவில்லை நான்.

"ஏன் நங்கி அப்பிடிச் செஞ்ச?"

"நீங்க சொன்னதத்தானேண்ணே எழுதினேன். நீங்களும் வாசிச்சுப் பாத்துட்டுத்தானே எடுத்துக்கிட்டுப் போனீங்க."

நானாவுக்குக் கொடுத்த விலைக்கே துணியைத் தந்துவிடுகிறேன், காசை ஓடர் முடிந்து கொடு என்றார். நான் ஏற்கனவே எழுதி வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினேன்.

"வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணே."

கண்ணாடியை மாட்டினார். இந்த முறை கண் வேகமாக ஓடவில்லை. முதல் வரியிலேயே நின்றது, கீழே இறங்கிற்று, மறுபடி மேலே ஏறிற்று. "இதுல என்ன..." என்று தொடங்கினார். அப்போது வேன்காரர் அடுத்த ரோலோடு படியில் ஏறினார். அவர் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், பேப்பரை விளம்பரம்வரை வாசிக்கிறவர். முதலாளி வாயை மூடிக்கொண்டார். தாளைச் சுவரில் வைத்துச் சிங்களத்தில் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு கொப்பி தாரியா?" என்றார், மெல்லமாக.

"கொப்பி என்னத்துக்கு? வாசிச்சிட்டீங்கதானே."

அவர் போய்விட்டார். படங்கு எல்லாம் தைத்துக் கொடுத்து முடிந்தது, இப்போது என் மிஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மிஷினும் இருக்கிறது. திருவிழாவிலோ பஸ்ஸிலோ என்னைக் கண்டால் முதலாளி ஏதோ கேட்க வருகிற மாதிரி வருவார், பக்கத்தில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு விலகிப் போவார். அந்தத் தாள் என் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. துணியின் நீளமும் விலையும் அன்றைய தேதியும்தான் அதில் எழுதியிருக்கிறது, வேறு ஒரு சொல் இல்லை. அவர் கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்க மாட்டார்.